அமெரிக்க அரசியலும் கல்வராயன் மலையும்

அயல்நாட்டு அரசியல் முறைகளைக் கற்பதனால் நமக்கு வரும் பயன் யாது என்னும் வினா, அரசியல் நூல் பயிலும் மாணவர் உள்ளத்தில் ஆண்டுதோறும் எழுவதொன்று. பரீட்சைக்கு வேண்டியிருக்கிறது, ஆகவே படிக்கிறோம் என்பதே பெரும்பாலோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் விடை. அண்மையில் என் வகுப்பில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். சட்டம் இயற்றுந் துறை ஒன்று, அதனை நடத்துந் துறை ஒன்று, வழக்குத் தீர்க்குந் துறை ஒன்று என அதிகாரம் மூன்றாகப் பகுக்கப்பட்டிருக்கும் முறையைக் கரும்பலகையிற் கட்டமிட்டுக் காட்டினேன். கடைசிப் பலகையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர்; வகுப்பில் வாய் திறவாதவர்.

"ஐயா, எங்கள் பாட்டனார் காலத்தில் இந்த மூன்றும் ஒருவரிடமே இருந்தனவாம். அவரைக் கேட்பார் ஒருவருமில்லை. அமெரிக்கர் அதற்குப் பயந்துதான் மூன்றாகப் பிரித்தார்களா?" என்று கேட்டார்.

யான் ஒரு மாதத்திற் சொல்லி முடிக்க எண்ணியிருந்த பாடத்தின் உட்கருத்து முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருந்தது. அமெரிக்க அரசியலைக் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மாணவர் கற்க வேண்டுமாயின், கல்வராயன் மலையை அளவுகோலாகக் கொண்டு கற்பதே தக்கதென்று அன்று எனக்குத் தோன்றிற்று. அதனை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாட்டு இளைஞர் இப்பாடத்தை எவ்வாறு பயில்கின்றனர் என்பதை முதலிற் காண்போம். ஆங்கே உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளில் உள்ளோர் விரும்பினாற் கல்லூரித் தரத்துப் பாடங்களைப் பள்ளியிலேயே கற்கலாம். காலேஜ் போர்டு என்னும் சங்கம் இப்பாடங்களை வகுத்து, ஆண்டுதோறும் மே மாதத்திற் பரீட்சை நடத்துகின்றது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வழங்குவர். மூன்றும் அதற்கு மேலும் பெற்றவரைப் பல கல்லூரிகள் அப்பாடத்தைத் தம்மிடமே கற்றவராக ஏற்றுக்கொள்ளும். அப்பாடங்களுள் ஒன்றே அமெரிக்க அரசாங்கமும் அரசியலும் என்பது. இதில் ஒன்பது மூல ஆவணங்களும், சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகள் பதினான்கும் யாவரும் கற்றே தீரவேண்டியவை. தீர்ப்புகள் முன்னர்ப் பதினைந்தாக இருந்தன. கருச்சிதைவு பற்றிய 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அக்கோர்ட்டே 2022-இல் மாற்றிவிட்டமையால் அது பட்டியலினின்றும் நீங்கிற்று. சட்டம் கல்லில் வெட்டிய எழுத்தன்று என்பதை அம்மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல பாடம் வேண்டுவதில்லை.

ஒன்பது ஆவணங்களாவன: 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம், மத்திய அரசுக்கு வரி வாங்கவும் வலியின்றிச் செய்திருந்த முதற் கூட்டிணைப்பு விதிகள், 1787-இல் வகுத்த அரசியல் சட்டம், அச்சட்டத்தை ஆதரித்து ஹாமில்ட்டன், மாடிசன், ஜே ஆகிய மூவர் ஒரே புனைபெயரில் எழுதிய எண்பத்தைந்து ‘பெடரலிஸ்ட்’ கட்டுரைகளுள் 10, 51, 70, 78 என்னும் நான்கு, அதே சட்டத்தை எதிர்த்து ‘புரூட்டஸ்’ என்னும் பெயரில் மறைந்திருந்து ஒருவர் எழுதிய முதற் கட்டுரை, 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம். சட்டத்தைப் புகழ்ந்தவர் எழுத்தோடு இகழ்ந்தவர் எழுத்தையும் ஒரே பட்டியலிற் சேர்த்திருப்பது நோக்கத்தக்கது. தோற்ற கட்சியின் வாதத்தைக் கற்பியாமல் வென்ற கட்சியை மட்டும் கற்பிப்பது அரசியற் பாடமாகாது, அது துதிப்பாட்டு.

பரீட்சையில் எழுதும் வினாக்கள் நான்கு. அவற்றுள் இரண்டு என் கருத்தைக் கவர்ந்தன. ஒன்றில், மாணவர் முன்பின் கண்டிராத ஒரு வழக்கைச் சுருக்கித் தந்து, கற்ற பதினான்கனுள் ஒன்றோடு அதனை ஒப்பிடுக என்பர். மற்றொன்றில், ஒரு கொள்கையை நாட்டி, மூல ஆவணங்களிலிருந்தே சான்று காட்டி வாதிடுக என்பர். நெட்டுருப் போட்டவன் இவ்விரண்டிலும் தடுமாறுவான். நம் நாட்டிலோ, தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகள் 1978-இல் தோன்றிய நாள் முதலாக அரசியல் நூல் ஒரு விருப்பப் பாடமாக இருந்து வந்தபோதிலும், மாணவர் கையிற் காணப்படுவது அரசியல் சட்டமன்று, அதன் ‘நோட்ஸ்’. கல்லூரிக்கு வந்த பின்னரும் அந்நோட்ஸின் தமையனாரே உடன் வருகிறார். அமெரிக்க அரசியல் சட்டமோ திருத்தங்களோடுங்கூட ஒரு மாலைப் பொழுதிற் படித்து முடிக்கத்தக்க அளவினது. அதனைப் படியாமல் அதனைப்பற்றி முந்நூறு பக்கம் படிக்கிறோம்.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. அதன் ஒரு பக்கம் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவிலும் மற்றொரு பக்கம் சேலம் ஜில்லாவிலும் அமைந்தது. இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரத்தில் வாழும் அம்மக்கள் மலையாளிகள் எனப்படுவர். மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயர்க்குப் பொருள். கேரள நாட்டாரோடு இவர்க்கு உறவில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்கள் வழிவழி சொல்லிவரும் செய்தி. தென்னார்க்காட்டுப் பக்கத்து மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூவர் வழியினரின் ஜாகீராக இருந்தது. விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை அது என்பர். சமவெளியில் நவாபு வந்து போனான், கும்பினியார் வந்தனர், அரசியார் ஆட்சி வந்தது, 1947-இல் சுதந்தரம் வந்தது, 1950-இல் குடியரசு வந்தது. மலையில் ஜாகீர்தாரின் ஆதிக்கம் 1976 வரை ஓயவில்லை.

வரி வாங்குவதும், ஊழியம் ஏவுவதும், வழக்கு வந்தால் முடிவு சொல்வதும் ஒரே வீட்டு வாயிலில் நடைபெறும்போது, அவ்வீட்டின்மீதே வழக்கிருப்பவன் எங்கே போவான்? மாடிசன் 51-ஆம் கட்டுரையில் ஆராய்ந்த பொருள் இதுவே. ஆள்வோர் நல்லவராக இருப்பர் என்னும் நம்பிக்கையின்மேல் அரசைக் கட்டலாகாது. ஒரு பதவியில் இருப்பவனுடைய ஆசையை மற்றொரு பதவியில் இருப்பவனுடைய ஆசையே தடுத்து நிற்குமாறு அமைப்பை வகுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகலின் காங்கிரஸ் இயற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் மறுக்கலாம். அம்மறுப்பை இரு சபைகளும் மூன்றிலிரண்டு பங்கு வாக்கினால் மீறலாம். அவர் நியமிக்கும் நீதிபதிக்கு ஸெனட் இசைய வேண்டும். நீதிபதியோ அவ்விருவர் செயலையும் செல்லாதென்னலாம். கல்வராயன் மலை ஜாகீர்தார் யாவரும் கொடியவர் என்று யான் சொல்ல வரவில்லை. அவர்களுள் இரக்கமுடையோரும் இருந்திருப்பர். ஆனால் ஓர் ஊரின் நியாயம் ஒரு மனிதருடைய இரக்கத்தை நம்பியிருந்தது என்பதே குறை.

மலைமீது ஜாகீர் ஆதிக்கம் ஒழிந்த 1976-ஆம் ஆண்டை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்திய சட்டம் அவ்வாண்டிலேதான் நிறைவேறிற்று. ஆயின் அஃது எத்தகைய ஆண்டு? நாடெங்கும் நெருக்கடி நிலை. அவ்வாண்டு ஜனவரி 31-இல் தமிழ்நாட்டு மந்திரிசபை நீக்கப்பட்டுச் சட்டசபையும் கலைக்கப்பட்டுவிட்டது. காரணங் காட்டாமற் சிறையிலிடப்பட்டவன் அக்காலத்தில் நீதிமன்றத்தில் ஆட்கொணர் மனுச் செய்ய உரிமையற்றவன் என்று ஏப்ரல் மாதத்தில் நம் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. சமவெளியார் தம் தடைகாப்புகளையெல்லாம் இழந்து நின்ற ஆண்டில், மலையார் ஒரு மனிதர் ஆட்சியினின்றும் விடுபட்டனர். தடையற்ற அதிகாரம் நன்மையும் விரைந்து செய்யும் என்பதற்கு இதனைச் சான்றாக்குவோர் இருப்பர். அவ்வாறு விரைந்து செய்த கையே ஆட்கொணர் மனுவையும் விரைந்து நிறுத்தியது என்பதையும் உடன் எழுதினால்தான் விடை நிறைவுறும். ஹாமில்ட்டனின் 70-ஆம் கட்டுரை, நிருவாகம் ஒரே தலைவரிடம் இருந்தாலொழிய வலிமையும் விரைவும் உண்டாகா என்று வாதிப்பது. அதனை 51-ஆம் கட்டுரையோடு அருகருகே வைத்து, நடுவில் 1976-ஐ வைத்துப் படித்துப் பார்க்க.

‘மக்கள்’ என்னுஞ் சொல் அடுத்த பொருள். அமெரிக்க அரசியல் சட்டம் மக்களின் பெயராலேயே தொடங்குகின்றது, நமதும் அவ்வாறே. ஆனால் 1787-இல் அச்சொல்லுக்குள் இருந்தவர் யாவர்? பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினர். வரி செலுத்தாத செவ்விந்தியரை எண்ணவேயில்லை. நிறத்தால் வாக்குரிமை மறுத்தலாகாது என்னும் 15-ஆம் திருத்தம் 1870-இல் வந்தது, பெண்களுக்கு 1920-இல், ஏட்டில் இருந்த உரிமை தென்மாநிலக் கறுப்பர் கைக்கு வந்ததோ 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்திற்குப் பின்னரே. செவ்விந்தியரின் கதை இன்னும் நெடிது. தன் குலத்தைவிட்டு நகரத்தில் வந்து குடியேறிய ஜான் எல்க் என்பவர் வாக்காளராகப் பதியச் சென்றபோது மறுக்கப்பட்டார். அவர் அந்நாட்டிற் பிறந்தவரேயாயினும் குடிமகனாகார் என்று 1884-இற் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. அந்நிலத்தின் ஆதி மக்கள் எல்லார்க்கும் குடியுரிமை வழங்கிய சட்டம் 1924-இலேதான் பிறந்தது. அரிசோனா, நியூ மெக்சிகோ என்னும் இரு மாநிலங்களில் வாக்குரிமை பெற 1948 வரை அவர்கள் நீதிமன்றத்தை நாடி நிற்க நேர்ந்தது. பள்ளிப் பாடத்தின் பதினான்கு தீர்ப்புகளில் எல்க் வழக்கு இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

நாமோ 1950-இலேயே வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கினோம். அதிற் பெருமை கொள்வது தகும். எனினும் மலை மக்களை நம் சட்டம் எவ்விடத்தில் வைத்தது என்று பார்த்தால் பெருமை சற்றே அடங்கும். பழங்குடிப் பகுதிகளுக்கெனத் தனிக் காப்பளிக்கும் ஐந்தாம் அட்டவணையின்கீழ்த் தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே அத்தகைய பகுதிகளின் கிராம சபைக்கு நிலத்தின்மேலும் காட்டுப் பொருளின்மேலும் சிறப்பதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வராயன் மலையை எட்டவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே அவர்க்குக் கிட்டிய துணை. பழங்குடிப் பட்டியலிலோ மலையாளிகள் ஜில்லாப் பெயரோடு சேர்த்தே குறிக்கப்பட்டுள்ளனர். சேலத்திலும் பழைய தென்னார்க்காட்டிலும் பழங்குடியாக எண்ணப்பட்ட ஒரு குலத்தார், ஈரோட்டு மலையில் வாழ்ந்தமையால் அப்பட்டியலுக்கு வெளியே நின்று முறையிட்டு வந்தனர். ஒரே குலம், ஒரே மொழி. இடையில் ஒரு ஜில்லாக் கோடு.

கோடு என்றவுடன் கூட்டாட்சி நினைவிற்கு வருகின்றது. மத்திய அரசுக்குரியது எது, மாநிலத்துக்குரியது எது என்னும் வழக்கே அமெரிக்க அரசியலின் நெடுங்கதை. 1819-ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலம் மத்திய பாங்கியின்மீது வரி விதித்தபோது அது செல்லாதென்று தீர்ப்பளித்த வழக்கு அப்பதினான்கில் ஒன்று. அதனைக் கற்பிக்கப் பாங்கிக்குப் போக வேண்டுவதில்லை. மதுவிலக்கின் வரலாறே போதும். அமெரிக்கர் 18-ஆம் திருத்தத்தால் 1920 முதல் நாடு முழுவதும் மதுவை விலக்கினர். 1933-இல் 21-ஆம் திருத்தத்தால் அதனை நீக்கி, அவ்வதிகாரத்தை மாநிலங்களுக்கே விட்டனர். அவர்கள் கைவிட்ட நான்காம் ஆண்டில், 1937 அக்டோபர் முதல் நாள், ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. பிறகு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு ஜில்லாக்களுக்கு அது பரவியது. மாகாணம் முழுமைக்கும் 1948-இற் சென்றது. தொடங்கிய அந்நாளிற் கல்வராயன் மலையின் சேலப் பக்கத்திற் குற்றமாயிருந்தது, தென்னார்க்காட்டுப் பக்கத்திற் குற்றமாகவில்லை. மலையில் எல்லைக்கல்லை அறிந்தவன் வேட்டைக்காரன் ஒருவனே! கூட்டாட்சி முறையின் நன்மை தீமை இரண்டும் இவ்வோர் எடுத்துக்காட்டில் உள. ஒரு ஜில்லாவிற் சோதனை செய்து பார்க்கலாம் என்பது நன்மை. கோட்டைத் தாண்டினாற் சோதனை பயனற்றுப் போகும் என்பது தீமை. 

சபைகளில் இடம் பகுக்கும் முறையையும் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்க ஸெனட்டில் மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும் இருவரே; மக்கள் சபையிலோ குடித்தொகைக்கேற்ற பங்கு. டென்னசி மாநிலம் 1901-க்குப் பின் தன் சட்டசபைத் தொகுதிகளைத் திருத்தி வகுக்காமலே அறுபது ஆண்டு கழித்தது. அதனை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 1962-ஆம் ஆண்டு பேக்கர் வழக்கில் முடிவாயிற்று. நம் நாட்டிலோ 1971-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மாநிலங்களுக்குக் கிடைத்த லோக்சபை இடங்களை 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் நிறுத்தி வைத்தது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆம் திருத்தம் அதனை 2026-க்குப் பின் எடுக்கும் முதற் குடிக்கணக்குவரை நீட்டித்தது. டென்னசியார் செய்தது சோம்பலால். நாம் செய்தது குடித்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதனாலேயே தண்டனை பெறலாகாது என்னும் கருத்தால். இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் ஒரு மனிதர்க்கு ஒரே மதிப்புள்ள வாக்கு என்னும் விதி இரண்டிடத்திலும் வளைகின்றது. மாணவர் இதிற் கட்சி சேரலாம், காரணங் காட்டினாற் போதும். 2008-ஆம் ஆண்டு எல்லைத் திருத்தத்தில் மீண்டும் தோன்றிய கள்ளக்குறிச்சி லோக்சபைத் தொகுதியில், இப்பக்கத்து ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சியோடு அப்பக்கத்து கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு என்பனவும் சேர்ந்தன. ஏற்காடு, தமிழ்நாட்டுச் சட்டசபையின் 234 இடங்களுட் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட இரண்டில் ஒன்று. ஜில்லாக் கோடு பிரித்த மலையின் இருபுறத்தையும் தொகுதிக் கோடு ஒன்றாக்கிற்று.

நீதிமன்றங்களைப் பற்றிய பகுதியே இப்பாடத்தில் மாணவர்க்குப் பெரிதும் சுவை பயப்பது. 1803-ஆம் ஆண்டு மார்பரி வழக்கில், காங்கிரஸ் இயற்றிய சட்டமும் அரசியல் சட்டத்துக்கு மாறானாற் செல்லாது என்று தலைமை நீதிபதி மார்ஷல் கூறினார். அவ்வதிகாரம் அரசியல் சட்டத்தில் வெளிப்பட எழுதப்படவில்லை. நம் அரசியல் சட்டத்திலோ 13-ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறோம். நம் சுப்ரீம் கோர்ட் பிறந்த சில ஆண்டுகளிலேயே அதன் முன் வந்த பெருவழக்குகளிற் பல சென்னை மாநிலத்தை எதிர்த்தவை என்பது நம் மாணவர் அறிந்து மகிழத்தக்கது. ஏ. கே. கோபாலன் வழக்கும் பத்திரிகைத் தடை பற்றிய ரொமேஷ் தாப்பர் வழக்கும் 1950-ஆம் ஆண்டின. கல்லூரி இட ஒதுக்கீடு பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கு 1951-ஆம் ஆண்டினது. பத்திரிகைச் சுதந்தரத்திற்கு நியூயார்க் டைம்ஸ் வழக்கைக் கற்கும் அமெரிக்க மாணவரைப் போல, நம்மவர் தாப்பர் வழக்கை மூலத்திலேயே கற்கலாம்.

இங்கே ஒரு வேற்றுமை உண்டு. அதனை மலையே காட்டித் தந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாடு முழுவதும் கண்ணீர் விட்டது. பழி சொல்லும் விரல்களிற் பல மலையை நோக்கி நீண்டன. அடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம், எவரும் மனுச் செய்யாதிருக்கவே, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி முதலியவற்றைக் குறித்து அரசினரை விடையிறுக்குமாறு கேட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் இங்ஙனம் செய்ய ஒருகாலும் இயலாது. உண்மையாகவே வழக்காடும் இருவர் எதிரெதிரே வந்து நின்றாலன்றி அவர்கள் அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு நீதிபதிக்கு வாய் திறக்க இடங்கொடாது. 1793-இல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் சட்ட யோசனை கேட்டபோதே நீதிபதிகள் மறுத்துவிட்டனர். ஹாமில்ட்டன் 78-ஆம் கட்டுரையில் நீதித்துறைக்குப் படையுமில்லை, பணப்பெட்டியுமில்லை, ஆகவே அதனால் ஆபத்துமில்லை என்னும் கருத்தை நிறுவுகிறார். வழக்கைத் தானே தேடிச் செல்லும் நீதிமன்றத்தை அவர் நினைத்தும் பார்த்திரார்.

எம்முறை சிறந்தது? அமெரிக்கர் முறையில் ஒழுங்குண்டு. நீதிபதி தமக்கு விருப்பமானதைத் தேடிப்போய் விசாரித்தால், ஒரே கையில் அதிகாரம் குவியும் பழைய நோய் நீதிமன்ற வாயில் வழியாக வீட்டினுள் நுழையக்கூடும். ஆனால் வழக்கிடப் பணமும், வக்கீலும், கூலி விட்டு நகரம் போகும் நாளும் இல்லாதவன் வாயிலில் வந்து நிற்கும்வரை காத்திருக்கும் நீதிமன்றம், மலைக்காரனுக்கு மூடிய நீதிமன்றமே. இவ்விடத்தில் யான் நம் முறையின் பக்கமே சாய்கிறேன், அச்சத்தோடு சாய்கிறேன்.

புரூட்டஸின் கட்டுரையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணமுண்டு. பரந்த நாட்டிற் குடியரசு நிலையாது; ஆள்வோர் தொலைவில் இருந்தால் மக்கள் அவரை அறியார், அவரும் மக்களை அறியார்; அரசு அருகில் இருத்தலே உரிமைக்குக் காப்பு என்பது அவர் வாதம். மாடிசனின் 10-ஆம் கட்டுரையோ இதற்கு நேர்மாறு. சிறிய சமுதாயத்தில் ஒரு கட்சி எளிதில் ஓங்கி மற்றவரை நெரிக்கும். நாடு விரிந்தாற் கட்சிகள் பலவாகி ஒன்றையொன்று தடுக்கும் என்பார் அவர். இவ்விரண்டையும் வகுப்பிற் கொடுத்து, கல்வராயன் மலையைச் சான்றாகக் கொண்டு எவர் கூற்று வென்றது என்று எழுதி வருமாறு சொன்னேன்.

பெரும்பாலோர் புரூட்டஸை ஆதரித்தே எழுதினர். அவர்க்குச் சான்று கைமேல் இருந்தது. மலையிலிருந்து ஜில்லாக் கச்சேரிக்குச் செல்ல ஒருகாலத்திற் கடற்கரையிலுள்ள கடலூர் வரை, நூறு கிலோமீட்டருக்கு மேற் பயணம் செய்ய வேண்டும். 1993-இல் விழுப்புரம் ஜில்லா பிரிந்தபோது வழி சற்றுக் குறைந்தது. 2019-இற் கள்ளக்குறிச்சியே தனி ஜில்லாவாயிற்று. இன்று வெள்ளிமலையில் தாலுகாக் கச்சேரியும் இருக்கின்றது. அரசு அருகே வர வர நன்மையும் அருகே வரும் என்று அவர்கள் முடித்திருந்தனர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

மலை மாணவர் ஆறு பக்கம் எழுதியிருந்தார். முதல் ஐந்து பக்கமும் மற்றவர் எழுதியதே. ஆறாவதில், தம் பாட்டனார்க்கு மிக அருகில் இருந்த அரசு ஜாகீர்தாருடையது என்றும், கூப்பிடு தூரத்தில் அதன் வாயில் இருந்தது என்றும், அதைவிட அருகில் வேறெந்த அரசும் அவர் கண்டதில்லை என்றும், அதனினின்றும் விடுவித்தது அவர் கண்ணாற் காணாத தொலைதூரத்து அரசென்றும் எழுதி, ஆகவே மாடிசனே வென்றார் என்று முடித்திருந்தார்.

அதனை வகுப்பிற் படித்துக் காட்டினேன். முன்பலகையிலிருந்த சின்னசேலத்து மாணவர் உடனே எழுந்து, "ஐயா, அந்தத் தொலைதூரத்து அரசுதானே 1947 முதல் 1976 வரை இருபத்தொன்பது ஆண்டு அவர்களை மறந்திருந்தது?" என்றார். மலை மாணவர் திரும்பி அவரைப் பார்த்து, "மறந்தது உண்மைதான். ஆனால் ஜாகீர்தார் ஒருநாளும் மறந்ததில்லையே" என்றார். பாடவேளை முடிந்து மணி அடித்த பின்னரும் இருவரும் தாழ்வாரத்தில் நின்று வாதாடிக்கொண்டிருந்தனர்.